ஏழாம் பாடம், முதல் ஜனாதிபதி

ஹூஸ்டனில் இருக்கும் ஜெயபாய் தன் இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள் என்ற செய்தி கேரள எல்லையிலுள்ள பாறசாலை வீட்டுக்கு வந்தபோது யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிள்ளைகள் படிப்பில் மோசமில்லை. மூத்தவள் ரூத்துக்குப் பதினொரு வயது, இளையவன் ஏபலுக்கு எட்டு. ஏபலின் வகுப்பில் ஒருத்தன் புத்தகப் பைக்குள் துப்பாக்கி கொண்டுவந்துவிட்டானாம். அதில் குண்டு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சமாதானம் சொன்னார்கள். ஜெயபாய் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அங்கே வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கலாம், அதற்குச் சட்டம் உண்டு. கணக்கும் சயன்சும் புருஷன் சஜு பார்த்துக்கொள்வான். சரித்திரத்துக்குத்தான் ஆள் வேண்டும்.

"மைனி எம்.ஏ. ஹிஸ்டரியாக்கும். அவங்க போதும்" என்று ஜெயபாய் போனில் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் ஜெயதாஸ், கே.எஸ்.ஆர்.டி.சி.யில் கண்டக்டர், டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேகத்தில் சரி என்றும் சொல்லிவிட்டான். மைனி, அதாவது ஜெயதாஸின் மனைவி மினி, அப்போது அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்காததுதான் கடுப்பு.

மினிக்கு முப்பத்தெட்டு வயது. காலையில் உதியன்குளங்கரையில் ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சோஷியல் எடுக்கிறாள். அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் லிஸ்டில் வந்து, இரண்டு லிஸ்டும் அவள் எண்ணுக்கு வருவதற்குள் காலாவதியாகிவிட்டன. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, தாழும். புருஷனுக்கு அது தெரியும். மாமனார் நேசையனுக்கும் தெரியும். அந்தக் குரல் வந்தால் இரண்டு பேரும் டிவி பக்கம் திரும்பிவிடுவார்கள்.

திங்கள், புதன், வெள்ளி வகுப்பு. இங்கே சாயங்காலம் ஆறரை, அங்கே காலை எட்டு. ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடிந்து வரும் ஜெயபாய் பிள்ளைகளை லேப்டாப் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் பக்கத்து அறையில் போய் விழுவாள். பேச்செல்லாம் ஆங்கிலம்தான். பிள்ளைகளுக்கு நம்முடைய தமிழ் கேட்டால் பாதி புரியும், வாயில் வராது.

பாடப் புத்தகம் வாட்ஸ்அப்பில் வந்தது. மினி ஜங்ஷனில் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டாள். முதல் ஆறு பாடமும் கடல், கப்பல், குடியேற்றம் என்று தொந்தரவில்லாமல் போனது. ஏழாவது பாடம் ஜார்ஜ் வாஷிங்டன். முதல் பக்கத்தில் சின்னப் பையன் வாஷிங்டன் கையில் கோடாலியோடு நிற்கிறான். எதிரே வெட்டுப்பட்ட செர்ரி மரம். 'என்னால் பொய் சொல்ல முடியாது அப்பா' என்று வாய்க்குப் பக்கத்தில் எழுத்து. மறுபக்கத்தில் பெரிய வெள்ளை மாளிகையும் தோட்டமும், தட்டை ஏந்திச் சிரித்துக்கொண்டு நிற்கும் கறுப்பு மனிதர்களும். அதன் கீழே ஒரு வரி: 'வாஷிங்டனின் வேலைக்காரர்கள் அவரைத் தங்கள் தகப்பனைப் போல நேசித்தார்கள்.'

மினி அந்த வரியை மூன்று தடவை வாசித்தாள். பிறகு பென்சிலால் அதன் கீழே கோடு போட்டாள். தாள் கிழிந்துவிட்டது.

புதன்கிழமை வகுப்பில் முதல் வேலையாக மரத்தை எடுத்தாள். "இந்தக் கதை நடக்கவே இல்ல. அவர் செத்த பிறகு ஒரு பாதிரியார் புத்தகம் விற்கதுக்காக எழுதினது."

ரூத் மேஜையில் அடித்துச் சிரித்தாள். "பொய் சொல்லக்கூடாதுங்கிற கதையே பொய்யா?"

ஏபலுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அவன் அந்த மரத்துக்கு அழகாக வர்ணம் தீட்டி வைத்திருந்தான்.

"பல்லு? மரப் பல்லு வச்சிருந்தாராமே?" என்று கேட்டான், அதையாவது விட்டுவையுங்கள் என்பது போல.

அதுவும் இல்லை என்றாள் மினி. யானைத் தந்தம், மாட்டுப் பல், மனிதப் பல் எல்லாம் வைத்துக் கட்டியது. அவருடைய கணக்குப் புத்தகத்தில் அடிமைகளிடமிருந்து ஒன்பது பல் வாங்கினதாக எழுதியிருக்கிறது.

"அடிமைகளா?" ரூத் புத்தகத்தைப் புரட்டினாள். "வேலைக்காரர்கள்னுதானே போட்டிருக்கு?"

அந்த இடத்தில் மினிக்குக் குரல் தாழ்ந்தது. வாஷிங்டனின் அப்பா சாகும்போது வாஷிங்டனுக்குப் பதினொரு வயது, ரூத், உன் வயது. அந்த வயதில் பத்து மனிதர்கள் அவருக்குச் சொத்தாக வந்தார்கள். ஜனாதிபதி ஆனபிறகு அவர் குடியிருந்த ஊரில் ஒரு சட்டம் இருந்தது. வெளியூர்க்காரரின் அடிமை அங்கே ஆறு மாதம் தங்கிவிட்டால் விடுதலை கேட்கலாம். அதற்காக அவர் ஆறு மாதம் முடியும் முன்னே ஒவ்வொருவரையாக எல்லை தாண்டி அனுப்பித் திரும்பக் கூட்டிக்கொள்வார். அந்த வீட்டில் ஓனா என்று ஒரு பெண் இருந்தாள். எஜமானியம்மாவுக்குத் தலை சீவிவிடுகிற பெண். எஜமானியம்மாவின் பேத்திக்குக் கல்யாணம் வந்தபோது பரிசாக அவளைக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஒரு நாள் எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போது ஓனா வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டாள். கப்பல் ஏறி வடக்கே போனாள். தேசத்தின் ஜனாதிபதி அவளைப் பிடித்துவர ஆள் அனுப்பினார். ஒரு தடவை இல்லை, மறுபடியும்.

"பிடிச்சாங்களா?" ரூத் திரையோடு ஒட்டிவந்து கேட்டாள்.

"பிடிக்கல. கல்யாணம் செஞ்சா, பிள்ளை பெத்தா, எழுத்துப் படிச்சா. கஷ்டப்பட்டுத்தான் கிடந்தா. வயசான காலத்துல ஒருத்தர் கேட்டாரு, ஓடிப்போனதுக்கு வருத்தமுண்டான்னு. இல்லன்னு சொன்னா."

"அப்போ அவர் கெட்டவர்."

அவர் நினைத்திருந்தால் ராஜாவாகவே இருந்திருக்கலாம், அதிகாரத்தை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனார், அதுவும் உண்மை என்றாள் மினி. உயிலில் தன் பங்குக்கு உள்ள அடிமைகளை விடுவிக்கச் சொல்லி எழுதி வைத்தார், அதுவும் உண்மை. "கெட்டவரா நல்லவரான்னு நீயே எழுது. ஆனா வேலைக்காரங்கன்னு மட்டும் எழுதாத."

மறுநாள் ஜெயபாய் கூப்பிட்டாள். "மைனி, ஏபல் பல்லு தேய்க்க மாட்டேங்கியான். யாருக்க பல்லுன்னு கேட்டு அழுயான். என்னத்த சொல்லிக் குடுத்திய?" பாதிச் சிரிப்பும் பாதி எரிச்சலுமாகத்தான் கேட்டாள். மினியும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அதோடு போயிற்று.

வெள்ளிக்கிழமை பாடத்தின் கடைசியில் ஒரு பயிற்சி. 'வாஷிங்டனின் முன்னோர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். உன் முன்னோர்கள் யார்? வீட்டில் கேட்டு ஒரு பக்கம் எழுது.' ரூத் எழுதி வைத்திருந்தாள். எழுந்து நின்று வாசித்தாள். எங்கள் குடும்பம் கேரளாவின் பழைய சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் புனித தோமா கடல் வழியாக வந்து எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எங்களுக்கு நிறைய நிலமும் மிளகுத் தோட்டமும் இருந்தன.

மினி கையிலிருந்த பேனாவை மூடினாள். "இது யாரு சொன்னா?"

"மம்மி சொன்னாங்க. எங்க சர்ச்சில எல்லாருக்கும் அப்படித்தான்."

முன்னறையில் நேசையன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இருபது வருடம் சபைச் செயலாளர். அந்தச் சபை பழைய மிஷன் சபை. வெள்ளைக்காரப் பாதிரிமார் வந்து ஓலைக் கொட்டகையில் தொடங்கியது. தோமாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது சபையிலுள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மினி சும்மா விட்டிருப்பாள். அம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டு எழுது என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பப் போனாள். ரூத் உட்காரவில்லை. அவள் முகம் வெளுத்திருந்தது.

"மாமி, ஒண்ணு கேக்கணும். நான் கூகிள்ல பாத்தேன். கேரளாவிலயும் அடிமைங்க இருந்தாங்களாம். நிலம் வச்சிருந்தவங்க அவங்களையும் வச்சிருந்தாங்களாம். அப்போ எங்க ஆளுங்களும் வாஷிங்டன் மாதிரியா? நாங்களும் ஓனா மாதிரி ஒருத்தியை வச்சிருந்தோமா?" அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் ரெண்டு நாளா அதையேதான் நினைச்சிட்டு இருக்கேன்."

மினிக்கு உச்சந்தலையில் தீப்பற்றியது போல இருந்தது. இல்லாத மிளகுத் தோட்டத்துக்காக, இல்லாத எஜமானத்தனத்துக்காக, இந்தப் பிள்ளை இரண்டு நாளாக வெந்துகொண்டிருக்கிறது. யாருடைய பாவத்தையோ கடன் வாங்கித் தலையில் வைத்துவிட்டிருக்கிறார்கள்.

"இல்ல மக்கா" என்றாள். இந்த ஒன்றை மட்டும் தமிழில் சொன்னாள். "நாம அடிமை வச்சிருந்தவங்க இல்ல. அடிமையா இருந்தவங்க."

மினி எல்லாவற்றையும் சொன்னாள். எம்.ஏ. படிக்கும்போது சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து அவள் ஆய்வு எழுதியிருந்தாள். அதில் இந்த வீட்டின் மூத்த ஆள் இருக்கிறார். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்று. உன் பாட்டாவுக்குப் பாட்டாவின் அப்பா. வயலோடு சேர்த்து அவரையும் விற்பார்கள், வாங்குவார்கள். பாதிரியாரிடம் போனதற்கு அடி வாங்கினார். அப்படியும் போனார். நாலு வரி கீழே எனக்க வீட்டு ஆளும் உண்டு.

ரூத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கண்ணில் வேறொரு வெளிச்சம் வந்திருந்தது. "அப்போ நாம ஓனா பக்கம்!" என்று கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹூஸ்டன் சபையில் சண்டே ஸ்கூல் டீச்சர், தேவன் நம் குடும்பங்களை எப்படி நடத்திவந்தார் என்று யாராவது சொல்லுங்கள் என்றாராம். ரூத் கையைத் தூக்கினாள். எழுந்து நின்று, நாற்பது பிள்ளைகளும் பாதிப் பெற்றோரும் கேட்க, தன் முன்னோர் அடிமையாக இருந்ததையும் அடிபட்டும் சபைக்கு நடந்ததையும் தலை நிமிர்ந்து சொல்லி முடித்தாள். யாரும் கைதட்டவில்லை.

திங்கள்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மினியின் போன் அடித்தது, அங்கே இன்னும் ஞாயிறு சாயங்காலம்.

"நீங்க யாரு மைனி?" ஜெயபாய் வணக்கமும் சொல்லவில்லை, சுகமும் கேட்கவில்லை. "எனக்க பிள்ளையளுக்கு இதெல்லாம் சொல்லதுக்கு நீங்க யாரு? வாஷிங்டன் பாடம்தானே எடுக்கச் சொன்னேன்? எனக்க வீட்டுப் பாடத்த ஆரு கேட்டா?"

"ரூத் கேட்டா ஜெயா."

"அவ கேப்பா! பிள்ளையள் ஆயிரம் கேக்கும். எல்லாத்துக்கும் சொல்லணுமா? பதினாலு வருஷம் மைனி. பதினாலு வருஷம் அந்தச் சபையில பாடுபட்டு ஒரு நிலைக்கு வந்திருக்கேன். இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷத்துல எல்லாம் போச்சு. சபையில உள்ள ஒருத்தி, எனக்க கூடத்தான் வேலை செய்யியா. எனக்க தோள்ல தட்டி, 'சாரமில்ல, பரவாயில்ல ஜெயா, யேசுவுக்கு எல்லாரும் ஒண்ணுதான்'னு சொல்லியா. அந்தத் தட்டு எப்படி இருந்துது தெரியுமா உங்களுக்கு?"

"சபையிலயும் நீ பொய் சொன்னது எனக்குத் தெரியாது."

"பொய்யா?" அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. "உங்க உண்மைய உங்க டியூஷன் சென்டர்ல வச்சுக்கிடுங்க. திங்கள் கிளாஸ் வேண்டாம். புதன்கிழமை கிளாஸ்ல வந்து, தப்பாச் சொல்லிட்டேன், அது வேற வீடுன்னு ரூத்திட்ட சொல்லணும். இல்லேன்னா எனக்க வீட்டுப் பக்கம் நீங்க திரும்ப வேண்டாம்."

மினி போனைக் கட்டிலில் எறிந்தாள். பதில் சொல்ல நேரம் கிடைக்காத கோபம்.

அதைவிடப் பெரிய கோபம் வீட்டுக்குள் காத்திருந்தது. ஜெயதாஸ் யூனிபார்ம் பட்டனைப் போட்டபடியே சொன்னான்: "ஒரு வார்த்தை சொல்லிட்டா தீந்துச்சு. உனக்கு என்ன குறைஞ்சு போவும்? எனக்க ஒரே தங்கச்சியாக்கும்."

"பிள்ளைட்ட பொய் சொல்லணுமா?"

"வாஷிங்டனுக்க மரம் மாதிரி இதும் ஒரு கதைன்னு வச்சுக்க."

மினி அவனைப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை, உண்மையாகவே ஒரு வழி சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தான். அவள் தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிச் சிங்க்கில் போட்டாள். சுடுகல் தண்ணீரில் சீறியது. அன்றைக்கு ஜெயதாஸ் காலைச் சாப்பாடு டிப்போ கான்டீனில்.

நேசையன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளும் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் பேசாமல் இருப்பது மினிக்கு ஒரு சின்ன ஆறுதலாகக்கூட இருந்தது. பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்தவரே அவர்தானே. அப்போது அவள் இந்த வீட்டு மருமகளும் இல்லை. சபைச் செயலாளரிடம் அனுமதி கேட்டு வந்த ஒரு மாணவி. 'பத்திரமா பாரு பிள்ளே, தாள் பொடியுது' என்று சொல்லி ஜன்னலோரம் மேஜை போட்டுக் கொடுத்தார்.

புதன் சாயங்காலம் ஆறரைக்கு லேப்டாப் அடுக்களைக்குப் பக்கத்து அறையில் இல்லை, முன்னறையில் இருந்தது. ஜெயதாஸ் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்தான். திரையில் ரூத், ஏபல், அவர்களுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஜெயபாய். சஜு எங்கேயோ ஓரத்தில் தோளாக மட்டும் தெரிந்தான்.

"ரூத், பாட்டா உன்னிட்ட ஒரு காரியம் சொல்லுவாங்க" என்றாள் ஜெயபாய்.

மினி நிமிர்ந்தாள். இது அவளுக்குத் தெரியாது. நேசையன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு நேராக நாற்காலியை இழுத்தார். நல்ல ஆங்கிலம் அவருக்கு. முப்பது வருடம் மணியார்டரும் ரிஜிஸ்டரும் எழுதிய ஆங்கிலம்.

"மோளே, மாமி வேற ஒரு குடும்பத்துக்க காரியத்த நம்ம குடும்பம்னு நெனச்சிட்டா. பழைய புத்தகம், எழுத்து மங்கலா இருக்கும். நமக்கு அப்படி ஒண்ணும் கிடையாது."

சொல்லிவிட்டு அவர் மினியைப் பார்க்கவில்லை. ரூத் பார்த்தாள். திரைக்குள்ளிருந்து நேராக, கண் இமைக்காமல்.

"மாமி? அப்படியா?"

ஜெயதாஸ் தொண்டையைச் செருமினான். மினிக்கு அந்த நேரத்தில் மாமனாரை அடிக்க வேண்டும் போல இருந்தது. தன் வாழ்நாளில் யார்மேலும் கை ஓங்காதவள் அவள். அந்த நினைப்பு அவளையே பயப்படுத்தியது. எழுந்து உள்ளே போனாள். சரி, அழப் போகிறாள் என்றுதான் ஜெயதாஸ் நினைத்தான். கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் பைண்ட் போட்ட ஆய்வேடு இருந்தது.

"இல்ல ரூத். அப்படி இல்ல." குரல் கிட்டத்தட்ட கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பதிவேட்டின் போட்டோ உள்ள பக்கத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். ஒவ்வொரு வார்த்தையாக வாசித்து ஆங்கிலத்தில் சொன்னாள். "மாடன். வயது சுமார் முப்பது. அடிமை. மனைவி வேறு வீட்டாருக்குச் சொந்தம். ஞானஸ்நானப் பெயர் யோவேல்."

"மனைவி வேற வீட்டுக்கா?" என்று ரூத் கேட்டாள்.

அதற்குள் திரை கறுத்துவிட்டது. ஜெயபாய் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

நேசையன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினார். "மாமா, நில்லுங்க" என்றாள் மினி. "எனக்குப் புஸ்தகம் எடுத்துத் தந்தது நீங்க. மங்கலா இருக்குன்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துது?"

அவர் கேட்டைத் திறந்தார். "படிக்கதுக்குத் தந்தேன்" என்றார். "வீட்டுக்குக் கொண்டு வாறதுக்கு இல்ல."

பதினொரு நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. ஜெயதாஸ் முன்னறையில் படுத்தான். நேசையன் காலைச் சாப்பாட்டை ஸ்டேஷன் பக்கம் ஷிஜுவின் டீக்கடைக்கு மாற்றிக்கொண்டார். மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்தால் ஆறிக் கிடக்கும், மீன்கறி அப்படியே இருக்கும். மினி எல்லாவற்றையும் ஒரு நாளும் தவறாமல் சமைத்தாள். கோபத்தில் சமைத்தாள். உப்பு கூடியது. மத்தியானம் தனியாக உட்கார்ந்து அவ்வளவையும் அவளே தின்றாள். ராத்திரி நேசையனுக்கான பிரஷர் மாத்திரையை டம்ளருக்குப் பக்கத்தில் எடுத்து வைக்கும்போதுகூட அவளுக்குக் கோபம் தணியவில்லை. மாத்திரையை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, டியூஷன் சென்டர் இடைவேளையில், ஜெயபாய் கூப்பிட்டாள். அங்கே அவளுக்கு டியூட்டி நேரம். பின்னால் ஏதோ மெஷின் சீராகக் கூவிக்கொண்டிருந்தது.

"மைனி, ரெண்டு நிமிஷம். நான் சண்டை போட விளிக்கல." மெல்லிய குரலில் பேசினாள். "நர்சிங் படிக்கப் போனப்ப எனக்குப் பதினெட்டு வயசு. ஹாஸ்டல்ல முதல் நாள் ராத்திரி எந்தச் சபைன்னு கேட்டாளுவ. நான் பெருமையாச் சொன்னேன், எங்க மிஷன் சபைக்கு நூறு வயசுக்கு மேலன்னு. 'ஓ, புதுக் கிறிஸ்தியானி'ன்னு ஒருத்தி சொன்னா, கீழ்ச்சாதியிலருந்து மாறின ஆளுன்னு அர்த்தம். அவ்வளவுதான். மறுநாள் எனக்க தட்டு தனியா இருந்துது. யாரும் ஒண்ணும் சொல்லல. சிரிச்சிட்டுதான் பேசுவாளுவ. நாலு வருஷம் அந்தத் தட்டுல தின்னேன். அப்பாட்ட லெட்டர் எழுதினேன். அப்பா பதில் எழுதினாங்க, 'மக்களே, இனிமே யாரும் கேட்டா சொல்லாத'ன்னு. நான் அதைத்தான் செஞ்சேன்."

மினி பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே பிள்ளைகள் ஐஸ் வாங்கிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதே ஜெயா."

"யாருக்கும் தெரியாது. சஜுவுக்கும் தெரியாது." மூச்சு இழுத்தாள். "அதே ஆளுங்கதான் மைனி இங்கயும். விமானம் ஏறி வந்தாலும் தட்டைக் கையில கொண்டு வாறாங்க. ரூத்துக்குப் பிறந்தநாள் சனிக்கிழமை. எட்டுப் பேரை விளிச்சோம். மூணு பேர்தான் வந்தது. நீங்க நல்லா உண்மை பேசினிய. அதுக்குப் பதிலு எனக்க மோளுக்குல்லா கிடைக்கு."

இவ்வளவு நாளும் மினி சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றை ஜெயபாயிடம் கேட்க முடியாமல் போயிற்று. வராமல் போன அந்த ஐந்து பிள்ளைகளின் அப்பன் அம்மாவை, பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தட்டை ஒதுக்கிய கையை, கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"சொன்னதுக்கு நான் வருத்தப்படல ஜெயா" என்றாள் கடைசியில். "உன்னிட்ட கேக்காம சொன்னது தப்பு. அதுக்கு மன்னிச்சிரு."

"மன்னிப்பு வேண்டாம். திங்கள்கிழமை கிளாஸ் எடுங்க. ரூத் வேற யாரிட்டயும் படிக்க மாட்டாளாம். ஆன்லைன்ல ஒரு டீச்சரப் பாத்தோம். அடிமைங்க எங்கன்னு கேட்டு அவளையும் அழ வச்சிட்டா." குரலில் எங்கோ ஒரு சிரிப்பு தெறித்து அணைந்தது. "புத்தகத்துல உள்ளத மட்டும் எடுங்க."

"பிள்ளை கேட்டா?"

"கேட்டா எனக்க பேரைச் சொல்லுங்க. நான் சொல்லுதேன்" என்றாள் ஜெயபாய். "எனக்கு நேரம் வேணும். போறேன், ரூம்ல விளிக்காங்க."

திங்கள்கிழமை எட்டாம் பாடம். ஜெயதாஸே லேப்டாப்பை எடுத்துப் பழைய இடத்தில் வைத்து சார்ஜரையும் சொருகினான். பேசவில்லை. மினியும் பேசவில்லை. நேசையன் வழக்கம்போல முன்னறையில் டிவி பார்த்தார். ரூத் பிறந்தநாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் பின்னால் சுவரில் மூன்று பலூன் சுருங்கித் தொங்கின.

இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ். மினி புத்தகத்தில் உள்ளதையே எடுத்தாள். வக்கீல், விவசாயி வீட்டுப் பையன், பிடிவாதக்காரர். அவர் ஒரு அடிமையையும் வைத்திருக்கவில்லை என்ற இடம் வந்தபோது ஏபல் "அப்பாடா" என்றான்.

ரூத் அப்படிச் சொல்லவில்லை. "அது தப்புன்னு அவருக்குத் தெரியும், இல்லையா?"

"தெரியும். எழுதியும் இருக்காரு."

"அப்போ ஜனாதிபதி ஆனப்போ என்ன செஞ்சாரு?"

"அவசரப்பட்டா நாடு உடைஞ்சிரும்னு நினைச்சாரு. அதனால பேசாம இருந்தாரு."

ரூத்தின் முகம் சிவந்தது. பென்சிலைத் தூக்கி எறிந்தாள். அது எங்கேயோ போய் விழுந்து உருண்டது. "பேசாம இருந்தாரா? தெரிஞ்சுமா?" அவள் கத்துவது கேட்டுப் பக்கத்து அறைக் கதவு திறந்தது, ஜெயபாய் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றாள். ரூத் திரும்பிப் பார்க்கவில்லை. "வாஷிங்டனை விட இவர்மேலதான் எனக்குக் கோபம் வருது! சொல்லுங்க மாமி, ஏன் பேசாம இருந்தாரு?"

முன்னறையில் டிவி சத்தம் குறைந்தது.

மினி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பென்சில எடுத்துட்டு வா" என்றாள். "கோபம் தீரட்டும்னு காத்திருக்க வேண்டாம். கோபத்தோடயே எழுது."